இரண்டு மையில் ஒரு மீன்கொத்தி: ஓவியத்திலிருந்து ஸ்கிரீன் பிரிண்ட் அட்டை வரை

என் மேசையில் இப்போது இரண்டு மீன்கொத்திகள் இருக்கின்றன. ஒன்று கவாஷ் என்னும் அடர்த்தியான, ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்தில் தீட்டியது. எண்ணினால் 14, 15 நிறங்கள் தேறும். இன்னொன்று அந்த ஓவியத்தை வைத்து ஸ்கிரீன் பிரிண்டில் எடுத்த வாழ்த்து அட்டை. அதில் இருப்பது இரண்டே மை: செம்மஞ்சள், நீலம். ஆனால் கண்ணுக்குத் தெரிவது நான்கு நிறம். தாளின் வெள்ளை ஒன்று, மை இரண்டு, செம்மஞ்சளின் மேல் நீலம் ஏறும் இடத்தில் கிடைக்கும் கரும்பழுப்பு ஒன்று. இதை எப்படிச் செய்தேன் என்று முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் வேறு படம் எடுத்துக்கொண்டாலும் வழி இதுதான்.

ஓவியத்தை ஸ்கேன் செய்து அப்படியே அச்சடிக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக அடிக்கலாம், நல்ல பிரிண்டர் ஒன்று போதும். ஸ்கிரீனில் எடுப்பதென்றால் படத்தை வேறு மாதிரி யோசிக்க வேண்டும். ஸ்கிரீன் என்பது ஃபிரேமில் இழுத்துக் கட்டிய வலை, அதன் வழியே மையை வழித்துத் தாளில் இறக்குகிறோம். வலையின் கண் திறந்திருந்தால் மை இறங்கும், அடைந்திருந்தால் இறங்காது. கொஞ்சமாக இறங்குவது என்ற பேச்சே அங்கே இல்லை. அதனால் படத்தில் எதை விடுவது என்று முடிவு செய்வதே பாதி வேலை. அந்த முடிவை நான் ஓவியம் தீட்டும்போது எடுக்கிறேன். தீட்டிப் பார்க்காமல் நேராக ஸ்கிரீனுக்குப் போன படம் எனக்கு ஒருமுறைகூட நன்றாக வந்ததில்லை.

முதலில் ஓவியம்

நான் எடுத்துக்கொண்டது சிறிய நீல மீன்கொத்தி. முதுகு நீலம், வயிறு செம்மஞ்சள், தொண்டையிலும் கழுத்தோரத்திலும் வெள்ளைத் திட்டு, நீண்ட கறுத்த அலகு. நிறங்கள் ஏற்கெனவே பிரிந்தே இருக்கும் பறவை. முதல் அட்டைக்கு இந்த மாதிரிப் படத்தையே தேர்ந்தெடுங்கள். மூடுபனி, மேகம், தண்ணீரில் கரையும் நிழல் எல்லாம் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தாள் நிறைய 4×6 செ.மீ அளவில் சின்னச் சின்னக் கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றே சாயல்: வெள்ளை, நடுச் சாம்பல், கறுப்பு. ஒரு 4பி பென்சில் போதும். நிறத்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். வரைந்ததைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் பறவை சட்டென்று தெரிய வேண்டும். இங்கே தெரியாத பறவை, பிறகு எவ்வளவு நல்ல நீலம் போட்டாலும் தெரியாது. இந்த மீன்கொத்திக்கு 11 கட்டம் ஆனது. ஒன்பதாவதில்தான் அலகு கீழே சாய்ந்து, வால் கட்டத்தின் விளிம்பை முட்டி, இதோ பாயப் போகிறது என்கிற பரபரப்பு வந்தது. மற்ற பத்திலும் அது கிளையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

பிடித்த கட்டத்தைப் பெரிதாக்கி, லைட் பாக்ஸில் வைத்து 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளுக்கு மாற்றுங்கள். லைட் பாக்ஸ் இல்லாவிட்டால் பகலில் ஜன்னல் கண்ணாடி போதும். தாள் வழவழப்பாக இருந்தால் நல்லது, விளிம்புகள் கூர்மையாக விழும். இந்தத் தடிமனில் சிறிய படத்துக்குத் தாளை நனைத்துப் பலகையில் ஒட்டி இழுத்துக் கட்ட வேண்டிய அவசியமில்லை. நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் சரி.

கவாஷில் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். காயும்போது நிறம் நகரும். வெளிர் நிறங்கள் சற்றே அடர்த்தியாகும், அடர் நிறங்கள் சற்றே வெளுக்கும். அதனால் ஒவ்வொரு கலவையையும் ஒரு துண்டுத் தாளில் பூசிக் காயவிட்டுப் பார்த்த பிறகே படத்தில் வைக்கிறேன். தண்ணீரையும் அளந்து சேருங்கள். தூரிகையிலிருந்து சொட்டக் கூடாது, இழுத்தால் திணறவும் கூடாது. கெட்டியாகப் பூசினால் பிறகு வெடிக்கும். மேலே இன்னொரு பூச்சு வைக்கும்போது நனைத்த தூரிகையைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அடியில் காய்ந்த வண்ணமும் கரைந்து எழும்பும். ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

என் தட்டில் இருந்தவை அல்ட்ராமரின், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர், ஒரு செம்மஞ்சள், டைட்டானியம் வெள்ளை. கறுப்பு டியூபை நான் தொடுவதில்லை. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் ஆழமான கருமை கிடைக்கும். ஒன்றைக் கொஞ்சம் கூட்டினால் குளிர்ந்த கருமை, இன்னொன்றைக் கூட்டினால் வெதுவெதுப்பான கருமை. அலகுக்கும் கண்ணுக்கும் இந்தக் கலவையைத் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான் அட்டைக்கான வழி கிடைத்தது. நீலமும் செம்பழுப்பும் சேர்ந்தாலே கருமை வருகிறதே, கறுப்புக்கென்று தனி ஸ்கிரீன் எதற்கு?

ஓவியம் முடிந்ததும் அதன் பக்கத்திலேயே இரண்டாவது படம் ஒன்று தீட்டினேன். இது அட்டையின் உண்மை அளவில், வாட்டர்கலரில், இரண்டே நிறத்தில். செம்மஞ்சளை முதலில் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு மேலே நீலம். ஓரிடத்தில் நிறம் இருந்தால் முழுதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தாள் தெரிய வேண்டும். முதுகில் நான் ஆசையாகத் தீட்டிய ஐந்தாறு நீலங்கள் இதில் ஒன்றாகிவிட்டன. தண்ணீரும் பின்னணி இலைகளும் போய்விட்டன. கிளை மட்டும் நின்றது. கூட இருந்து தாங்கிய இலைகள் போனதும் பறவையின் சாய்வு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது.

நிறத்துக்கு ஒரு ஃபிலிம்

இனி ஒவ்வொரு மைக்கும் ஒரு பாசிட்டிவ் ஃபிலிம், அதாவது மை இறங்க வேண்டிய இடம் மட்டும் கறுப்பாக உள்ள, ஒளி புகும் தாள். கணினியில் பிரித்து இன்க்ஜெட் ஃபிலிமில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொரசொரப்பான டிராஃப்டிங் ஃபிலிமை இரண்டு நிறப் படத்தின் மேல் ஒட்டி, இந்தியன் இங்க்கில் கையால் வரைகிறேன். என் தூரிகையின் இழுப்பு அட்டை வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை. அச்சில் எந்த நிறம் வந்தாலும் ஃபிலிமில் எல்லாமே கறுப்புதான். ஒளியை மறைப்பது மட்டும்தான் அதன் வேலை. வலையில் பூசும் எமல்ஷன் ஒளி பட்ட இடத்தில் இறுகி வலையை அடைக்கும், ஒளி படாத இடத்தில் கழுவும்போது கரைந்து திறக்கும். வரைந்து முடித்ததும் ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். கறுப்புக்குள் எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே மை இறங்காது, இன்னொரு பூச்சு கொடுங்கள்.

செம்மஞ்சள் ஃபிலிமில் வயிறு, கன்னம், கால்கள், அலகு முழுவதும், கண், கிளை. நீல ஃபிலிமில் முதுகு, இறக்கை, தலை, மேல் அலகு, கண், மறுபடி கிளை. இரண்டிலும் இருப்பவை ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கருமையாகும். கீழ் அலகை நீலத்தில் சேர்க்காமல் விட்டேன். இந்த இனத்தில் ஆணுக்கு அலகு முழுக்கக் கறுப்பு, பெண்ணுக்குக் கீழ் அலகு செம்மஞ்சள். நீல ஃபிலிமில் ஒரே ஒரு கோடு வரையாமல் விட்டதில் என் பறவை பெண்ணாகிவிட்டது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

கண்ணைக் கவனமாகச் செய்ய வேண்டும். இரண்டு ஃபிலிமிலும் ஒரு வட்டம், அதற்குள் சுமார் 1 மி.மீ அளவில் ஒளிப்புள்ளி. அந்தப் புள்ளி தாளின் வெள்ளை. நான் பயன்படுத்தும் 77டி வலையில் ஒரு சென்டிமீட்டருக்கு 77 இழை. அதாவது 1 மி.மீ புள்ளிக்குள் ஏழெட்டு இழைகள் மட்டும் ஓடுகின்றன. இதைவிடச் சிறிய புள்ளி வைத்தால் நிற்குமா என்பது சந்தேகம்தான். இரண்டு நிறமும் இம்மி பிசகாமல் பொருந்துவதும் நடக்காது என்பதால், செம்மஞ்சளில் புள்ளியைச் சற்றுப் பெரிதாகவும் நீலத்தில் சரியான அளவிலும் வைத்தேன். கொஞ்சம் நகர்ந்தாலும் நீலத்தின் புள்ளிக்குள் வெள்ளைதான் தெரியும்.

கண்ணுக்குள் தனித்து மிதக்கும் இந்தப் புள்ளியைப் பிடித்துவைத்திருப்பது வலைதான். தாளில் வடிவத்தை வெட்டியெடுத்து அதன் வழியே வண்ணம் ஏற்றும் வெட்டுத்தாள் அச்சில் இப்படி ஒரு தீவு நிற்காது, விழுந்துவிடும். ஜப்பானில் துணிக்கு வண்ணமேற்றிய கதகமி என்னும் பழைய அச்சுத்தாள்களில், பிரிந்து நிற்கும் துண்டுகளைப் பட்டு நூலால் தாங்கிப் பிடித்திருப்பார்கள்.

அடுத்து, நிறங்கள் உரசும் விளிம்பு. இறக்கையின் நீலமும் வயிற்றின் செம்மஞ்சளும் நூல் பிடித்தாற்போல் முட்டும்படி வரைந்தால், தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இடையில் வெள்ளைக் கீறல் விழும். அதனால் நீலத்தைச் செம்மஞ்சளின் மேல் 0.5 முதல் 1 மி.மீ வரை ஏற்றி வரைய வேண்டும். அங்கே ஒரு கருங்கோடு வரும், அது வரட்டும். இறக்கையின் அடியில் நான் அதை வேண்டுமென்றே தடிமனாக்கினேன், நிழலாக நின்றது. இறகுகளுக்கு, தூரிகையில் மையை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு உலர்ந்த நுனியால் ஃபிலிமில் தேய்த்தேன். சொரசொரப்பில் மை திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சாம்பல் சாயல் கிடைக்காத ஸ்கிரீனில் சாயல் போன்ற ஒன்றை வரவழைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்.

ஸ்கிரீன்

தாளுக்கு 77டி முதல் 90டி வரை வலை எடுங்கள். துணிக்குப் பயன்படும் 43டி வலையில் மை அதிகம் இறங்கித் தாள் நெளிந்துவிடும். படத்தைவிட ஃபிரேம் எல்லாப் பக்கமும் கை அகலம் பெரிதாக இருக்கட்டும். வலையைத் தட்டினால் டம் என்று ஒலிக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் இரண்டு நிறம் ஒருநாளும் பொருந்தாது.

வலையை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவிக் காயவைத்து, மஞ்சள் விளக்கில் எமல்ஷன் பூசுங்கள். வெளிப்பக்கம், அதாவது தாளைத் தொடும் பக்கம், ஒரு இழுப்பு, பிறகு உள்பக்கம் ஒரு இழுப்பு. மெல்லியதாக, கோடு விழாமல். வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி, எதையும் தொடாமல், இருட்டில் படுக்கையாகக் காயவிடுங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் கெட்டுவிடும், அவசரப்படாதீர்கள்.

ஒளி காட்டும்போது ஃபிலிமின் மைப்பக்கம் எமல்ஷனின் வெளிப்பக்கத்தைத் தொட வேண்டும். ஸ்கிரீனின் உள்பக்கமிருந்து பார்த்தால் படம் நேராகத் தெரிய வேண்டும். வலையின் அடியில் கறுப்புத் துணி சுற்றிய பலகை, மேலே ஃபிலிம், அதன் மேல் கனமான கண்ணாடி, தலைக்கு மேல் யுவி விளக்கு. எவ்வளவு நேரம் என்பது விளக்கு, தூரம், எமல்ஷன் மூன்றையும் பொறுத்தது. ஒரே ஒரு முறை சோதனைப் பட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: மெல்லிய கோடுகள் உள்ள ஒரு ஃபிலிமை வைத்து, அட்டையால் மூடி, நிமிடத்துக்கு ஒரு விரற்கடை விலக்கிக்கொண்டே வாருங்கள். கழுவும்போது வழுவழுவென்று கரைந்து போகும் பட்டைக்கு ஒளி போதவில்லை. மெல்லிய கோடு திறக்காமல் அடைந்தே இருந்தால் ஒளி அதிகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதே உங்கள் நேரம். என் விளக்கில் 4 நிமிடம்.

உடனே இரண்டு பக்கமும் நனைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு மென்மையாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். படம் தானாகத் திறக்கும். காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்து, ஊசித் துளைகளை எமல்ஷனால் அடைத்து, ஃபிரேம் ஓரங்களில் டேப் ஒட்டுங்கள்.

அச்சு

தாளை ஏ5 அளவில், 148×210 மி.மீ, வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மடித்தால் ஏ6 அட்டை. அச்சடிப்பது மடிக்கும் முன், விரித்த தாளின் வலது பாதியில். 250 முதல் 300 ஜிஎஸ்எம் நல்லது. தாளின் நார் ஓடும் திசை மடிப்புக் கோட்டோடு போக வேண்டும். இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவின் நெடுக நார் ஓடுகிறது. அச்சடிக்கும் அறையிலேயே தாளை ஒரு நாள் முன்பே வைத்துவிடுங்கள், ஈரப்பதத்துக்கு ஏற்ப அது நீளும், சுருங்கும். 50 அட்டை வேண்டுமென்றால் 60 தாள் எடுங்கள்.

மைக்கு அக்ரிலிக் வண்ணத்தோடு ஸ்கிரீன் பிரிண்டிங் மீடியம் கலக்கிறேன். செம்மஞ்சளுக்குச் சரிபாதி. நீலத்துக்கு ஒரு பங்கு தாலோ நீலம், மூன்று பங்கு மீடியம். நீலம் ஒளி ஊடுருவுவதாக இருந்தால்தான் அடியிலுள்ள செம்மஞ்சள் வேலை செய்யும். டியூபில் உள்ள சின்னச் சதுரத்தைப் பாருங்கள்: காலிச் சதுரம் என்றால் ஊடுருவும், நிறைந்த சதுரம் என்றால் மறைக்கும். அடித்துக் காய்ந்த செம்மஞ்சளின் மேல் விரலால் ஒரு தீற்றல் தேய்த்துப் பார்த்த பிறகே நீலத்தை முடிவு செய்யுங்கள். பச்சையாகத் தெரிந்தால் நீலத்தில் துளி அல்ட்ராமரின் சேருங்கள்.

ஸ்கிரீனைக் கீல் கிளாம்பில் மாட்டி, தாளுக்கும் வலைக்கும் இடையே 2, 3 மி.மீ இடைவெளி விடுங்கள். ஃபிரேமின் அடியில் அட்டைத் துண்டு ஒட்டினால் போதும். மை வழித்த அடுத்த கணம் வலை தாளைவிட்டு எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு கசியும். ஸ்குவீஜி, அதாவது மையை வழிக்கும் ரப்பர் பட்டை, கடின எண் 70 முதல் 75-ல், படத்தைவிட இரண்டு பக்கமும் 2 செ.மீ அகலமாக இருக்கட்டும்.

ஸ்கிரீனைச் சற்றுத் தூக்கி, அழுத்தாமல் மையை ஒருமுறை பரப்புங்கள். வலையின் கண்களில் மை நிறையும். இறக்கி வைத்து, ஸ்குவீஜியை 60, 70 டிகிரி சாய்வில் பிடித்து, ஒரே வேகத்தில் ஒரே அழுத்தத்தில் உங்களை நோக்கி இழுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். சரியான இழுப்பில் வலை சரசரவென்று ஒரு சத்தத்தோடு தாளைவிட்டுப் பிரியும். அந்தச் சத்தம் பழகிவிட்டால் அட்டையைத் தூக்கிப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும், இது நல்ல அச்சு என்று. தூக்கியதும் மறுபடி மையைப் பரப்பிவிடுங்கள். நனைந்த வலையில் மை சீக்கிரம் காயாது. நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள். வலையில் காய்ந்த அக்ரிலிக்கை எடுப்பது பெரும்பாடு.

செம்மஞ்சள் 60 தாளும் கம்பியில் தொங்கி ஒரு இரவு காயட்டும். மறுநாள் நீலம்.

இரண்டாவது நிறத்தைப் பொருத்த, மேசையில் ஒளி புகும் அசிடேட் தாள் ஒன்றை ஒரு ஓரம் மட்டும் டேப் ஒட்டிக் கதவு போல் வையுங்கள். நீலத்தை முதலில் அதன் மேல் அடியுங்கள். அதன் கீழே செம்மஞ்சள் அட்டையை நுழைத்து, கண்ணோடு கண்ணும் அலகோடு அலகும் சேரும் வரை நகர்த்துங்கள். சேர்ந்த இடத்தில் அட்டையின் நீள ஓரத்தில் இரண்டு, குறுக்கு ஓரத்தில் ஒன்று என மூன்று தடுப்புகள் ஒட்டுங்கள். பிறகு அசிடேட்டை மடக்கிவிடலாம்.

ஒவ்வொரு தாளிலும் ஒரே மூலைதான் இந்தத் தடுப்புகளில் உட்கார வேண்டும். அச்சு எதிர்மூலையில் இருந்தால் என்ன, தாள் ஒரே அளவுதானே என்று நினைத்து, ஒருமுறை இன்னொரு படத்தில் செம்மஞ்சளுக்கு ஒரு ஓரத்தையும் நீலத்துக்கு எதிர் ஓரத்தையும் தடுப்பில் வைத்தேன். வெட்டிய தாள்களில் மில்லிமீட்டர் கணக்கில் வித்தியாசம் இருந்தது. 26 அட்டைகளில் கண் கன்னத்துக்கு நகர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அச்சடிக்கத் தொடங்கும் முன் எல்லாத் தாளிலும் பின்பக்கம் ஒரே மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன். தடுப்புக்குள் போகும் மூலை எப்போதும் அந்தப் புள்ளியுள்ள மூலை.

முதல் நாலைந்து தாளில் நீலம் கொஞ்சம் வெளிறியோ விளிம்பு மங்கியோ வரும். வலை ஈரம் பிடிக்கும் வரை அப்படித்தான். அவற்றுக்குப் பழைய தாளைப் பயன்படுத்துங்கள். முதல் நல்ல அச்சில் மேல் அலகு கறுத்து, கீழ் அலகு செம்மஞ்சளாக, கண்ணில் வெள்ளைப் புள்ளியோடு அந்தப் பெண் மீன்கொத்தி எழுந்து வந்தபோது நான் அடுத்த தாளை வைக்க மறந்து நின்றேன். வலையில் மை காய்வதற்குள் நினைவு வந்துவிட்டது.

கழுவுதலும் மடிப்பும்

முடித்த உடனே மிச்ச மையை வழித்து டப்பாவில் சேர்த்துவிட்டு, ஸ்கிரீனைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். மறுபடி இதே படம் அடிப்பதாக இருந்தால் ஸ்கிரீனை அப்படியே வைக்கலாம். வேறு படத்துக்கு வேண்டுமென்றால் ஸ்டென்சில் ரிமூவர் பூசி, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, தேய்த்து நீரால் பீய்ச்சுங்கள். ரிமூவர் வலையில் காய்ந்துவிடக் கூடாது. காய்ந்தால் எமல்ஷன் இறுகிப் பிறகு எதற்கும் அசையாது.

நீலமும் ஒரு இரவு காய்ந்த பிறகு மடிப்பு. எஃகு அடிக்கோல் வைத்து, அட்டையின் வெளிப்பக்கம் நடுவில் மடிப்புக் கத்தியால் (தாளை வெட்டாமல் அழுத்தும் மழுங்கிய கருவி) ஒரு கோடு அழுத்தி இழுங்கள். பள்ளம் வெளியேயும் மேடு உள்ளேயும் வருமாறு மடிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், தாள் முதுகில் வெடிக்கிறது. மடித்ததும் மேலே ஒரு வெள்ளைத் தாள் வைத்து நீவுங்கள், மடிப்புக் கத்தி நேராக மையில் பட்டால் பளபளப்புக் கோடு விழும். பின்பக்கப் புள்ளியை அழித்து, அங்கே பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் இடுகிறேன். ஏ6 அட்டைக்கு 114×162 மி.மீ சி6 உறை சரியாக இருக்கும். இந்த முறை 60-ல் 53 அட்டை தேறியது. கண் சற்று நகர்ந்த ஏழையும் வெட்டி, அடுத்த படத்துக்கு நீலத்தைத் தேய்த்துப் பார்க்கும் துண்டுகளாக எடுத்து வைத்திருக்கிறேன்.